வாயில்லா ஆசான்

நடக்கக் கற்பிக்கிறோம், எழுதக் கற்பிக்கிறோம், எண்ணக் கற்பிக்கிறோம். ஆனால் பிறரோடு பழகுவதைக் கற்பிக்க வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுவதில்லை. மழை பெய்தால் புல் முளைப்பதுபோல அது தானாகவே வந்துவிடும் என்று நம்புகிறோம். தாயின் முகம் பார்த்துச் சிரிப்பதும், அண்ணன் விரல் நீட்டிய திசையில் நிலவைத் தேடுவதும், விளையாட்டில் தன் முறை வரும்வரை காத்திருப்பதும், எதிரில் இருப்பவர் சினந்திருக்கிறாரா மகிழ்ந்திருக்கிறாரா என்பதைக் குரலைக் கொண்டே அறிவதும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பயிலாமலே கைவருகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் அவ்வாறு கைவருவதில்லை. சிலருக்கு இவை ஒவ்வொன்றும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய புதிய மொழியாக இருக்கின்றன. ஆட்டிசம் உடைய குழந்தைகள் அவர்கள்.

அக்குழந்தைகளுக்கு இம்மொழியைப் பயிற்றுவிக்கப் பல நாடுகளில் ஓர் ஆசான் பணிபுரிந்து வருகிறது. அதற்குப் பட்டமில்லை, ஊதியமில்லை, பேச்சுமில்லை. அந்த ஆசான் நாய். இச்செய்தியைக் கேட்டவுடன் சிலர் நகைப்பர். சிலர் முகம் சுளிப்பர். சிலர் கைகண்ட மருந்து கிட்டிவிட்டதென மகிழ்வர். இம்மூன்றும் பொருந்தா என்பதும், நாய் ஒரு பாலமேயன்றிக் கரையாகாது என்பதும், கரையாக நிற்க வேண்டியவர் நாமே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஆட்டிசம் என்பது யாது?

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் இந்நிலை மருத்துவ உலகின் கவனத்திற்கு வந்தது. கிரேக்க மொழியில் ‘தான்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது ஆட்டிசம் என்னும் சொல். தமிழில் இதனை ‘மதியிறுக்கம்’ என்று வழங்குவதுண்டு. மதி இறுகிவிட்டது என்னும் பொருள்தரும் அச்சொல் முற்றிலும் பொருந்துவதன்று. இக்குழந்தைகளுள் சிலர் ஒருமுறை கேட்டதை மறவாதவர். சிலர் எண்களோடு விளையாடுபவர். சிலருக்குப் பேச்சே வாராமலும் இருக்கும். ஒருவரைப்போல் மற்றொருவர் இரார். ஆதலின் ஆட்டிசம் என்று மக்கள் அறிந்த சொல்லையே ஈண்டு ஆள்கிறேன்.

இது மூளையின் வளர்ச்சிப் போக்கில் அமையும் வேறுபாடு, தொற்றும் நோயன்று. தாயின் அன்பு குறைந்ததால் விளைந்தது என்று ஒரு காலத்தில் மேலைநாட்டு அறிஞர் சிலரும் கூறினர். அக்கருத்தை 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்னும் உளவியலறிஞர் தம் நூலால் வலுவாக மறுத்தார். அவரும் ஆட்டிசம் உடைய ஒரு மகனின் தந்தையே. மேலைநாட்டில் அப்பழி நீங்கிய பின்னும் நம் தெருக்களில் அது முற்றிலும் நீங்கிற்றில்லை. கண்ணேறு என்பார் உளர். காற்றுக் கருப்பு என்பார் உளர். வளர்ப்புச் சரியில்லை என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்வாரும் உளர். பிள்ளைக்காகத் துஆச் செய்வது பெற்றோரின் உரிமை. துஆவோடு மருத்துவரையும் நாடுவது அவர்களின் கடமை.

நம் நாட்டுச் சட்டம் இந்நிலையை ஏற்றுக்கொண்டுள்ளது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டிக் குறிப்பிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் அதுவும் ஒன்று. சட்டம் வாயிலைத் திறந்தது. உள்ளே அழைப்பது சமுதாயத்தின் பணியாகும்.

நாய் வகுப்பறைக்குள் வந்த வரலாறு

நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்னும் உளவியலறிஞர் இருந்தார். பிறரோடு பேசாது ஒடுங்கிக் கிடந்த சிறுவன் ஒருவனை அவனுடைய பெற்றோர் குறித்த நேரத்திற்கு முன்னரே அவரிடம் அழைத்து வந்தனர். அறையில் அவருடைய வளர்ப்பு நாய் ஜிங்கிள்ஸ் படுத்திருந்தது. அது எழுந்து சென்று சிறுவனை முகர்ந்தது. அவன் அஞ்சவில்லை, அதனோடு விளையாடத் தொடங்கினான். அடுத்தடுத்த நாள்களில் நாயோடு நடந்த அந்த விளையாட்டுக்குள் மருத்துவரும் மெல்ல நுழைந்தார். சிறுவன் அவரையும் ஏற்றான். இவ்வனுபவத்தை லெவின்சன் 1961இல் அறிஞர் அவையில் எடுத்துரைத்தபோது நகைத்தவர்களும் இருந்தனர். அவரோ 1962இல் நாயைத் ‘துணை மருத்துவர்’ என்றே குறித்துக் கட்டுரை வெளியிட்டார். இன்று உலகின் பல பகுதிகளில் நடைபெறும் விலங்குவழிச் சிகிச்சைக்கு அக்கட்டுரை ஒரு தொடக்கம்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை அறிதல் நலம். பார்வையற்றோரை வழிநடத்தும் நாய் ஒருவருக்கே உரியது, அவருடனேயே வாழ்வது. தெரபி நாய் அத்தகையதன்று. அது தன் உரிமையாளருடன் வாழும். குறித்த நாளில் அவரோடு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ வரும். பலரோடு பழகிவிட்டுத் திரும்பிச் செல்லும். எனவே ஆட்டிசம் உடைய குழந்தையின் பெற்றோர் வீட்டில் நாய் வளர்க்க வேண்டும் என்னும் கட்டாயம் எதுவும் இல்லை.

சென்னை கண்ட முயற்சி

இது ஏதோ கடல் கடந்த நாட்டுக் கதையென்று கருதற்க. புதுச்சேரியிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவிலேயே இதற்குச் சான்று உண்டு. ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் என்னும் பெண்மணி 1991இல் ‘டாக்டர் டாக்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். நல்லியல்புடைய நாய்களைத் தேர்ந்து, ஆய்ந்து, மருத்துவமனைகளுக்கும் இல்லங்களுக்கும் அழைத்துச் செல்வது அத்திட்டம். அதனைச் சென்னைக்குக் கொணர்ந்த அமைப்பு புளூ கிராஸ். 1959இல் விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தாரால் தொடங்கப்பெற்று, தெருநாய்களைக் கொல்லாது கருத்தடை செய்யும் முறைக்குக் குரல்கொடுத்த அமைப்பு அது. நோயுற்ற நாயைக் காக்கத் தொடங்கிய இயக்கம், நாயைக் கொண்டு மனிதரைத் தேற்றும் பணிக்கும் வந்தது சிந்தித்தற்குரியது.

சென்னை எல்டாம்ஸ் சாலையில் உள்ள சி.பி. இராமசாமி ஐயர் அறக்கட்டளையின் சரஸ்வதி கேந்திரம், கற்றலில் இடர்ப்படும் குழந்தைகளுக்கான மையம். ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்கும் நாயின் துணையோடு பயிற்சி அளிக்கும் முறையைத் தமிழ்நாட்டில் மேற்கொண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. மும்பையில் மினல் கவிஷ்வர் என்னும் உளவியலாளரும் அவர்தம் தோழியரும் தோற்றுவித்த அனிமல் ஏஞ்சல்ஸ் அறக்கட்டளை, விலங்குவழிச் சிகிச்சையையே தன் முழுப்பணியாகக் கொண்டுள்ளது. ஆகவே இந்திய மண்ணுக்கு இது புதிதன்று. பரவலாகத் தெரியாதது, அவ்வளவே.

நாய் கற்பிக்கும் பாடங்கள்

வாய் பேசாத விலங்கு எவ்வாறு பழகும் முறையைக் கற்பிக்கும் என்னும் வினா எழுவது இயல்பு. மனிதரின் முகம் ஒரு நொடியில் பத்து விதமாக மாறும். சொல்லொன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும், கண் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று நாம் சொன்னால், அது பாராட்டா கேலியா என்பதைச் சூழலே உணர்த்த வேண்டும். ஆட்டிசம் உடைய குழந்தைக்கு இக்கலவை தலைசுற்றலைத் தருகிறது. நாயிடம் இக்கலவை இல்லை. அதன் வால் ஒன்று சொல்ல, காது வேறு சொல்வதில்லை. அது கேலி செய்யாது. ‘என் கண்ணைப் பார்த்துப் பேசு’ என்று வற்புறுத்தாது. நூறு முறை தவறினும் நூற்றோராம் முறையும் முதல் முறைபோலவே காத்திருக்கும்.

பயிற்சி எவ்வாறு நிகழ்கிறது? முதலில் நாயின் படத்தைக் காட்டிக் குழந்தையின் மனத்தைப் பக்குவப்படுத்துவர். எதிர்பாரா மாற்றம் இக்குழந்தைகளைக் கலங்கச் செய்யும் என்பதே காரணம். பின்பு குழந்தை எட்ட நின்று பார்க்கும். அடுத்த படி, நாயைக் கொணர்ந்தவரிடம் ‘தொடலாமா?’ என்று கேட்பது. பேச்சு வாராத குழந்தை படஅட்டையைக் காட்டிக் கேட்கும். இணக்கம் பெற்ற பின்னரே தொடவேண்டும் என்னும் முதற்பாடம் அங்கே கற்கப்படுகிறது. அதன்பின் ‘உட்கார்’ என்று நாய்க்கு ஆணையிடுவது. குரல் தெளிவாக இல்லையெனில் நாய் அமராது. ஆசிரியர் கடிந்துரைக்கத் தேவையில்லை. நாய் அமராமையே குழந்தைக்குச் செய்தி. மீண்டும் தெளிவாகச் சொன்னால் அமரும். தன் சொல் இன்னோர் உயிரை அசைக்கிறது என்னும் உண்மையை அக்குழந்தை அப்பொழுது காண்கிறது.

அடுத்து, இரு குழந்தைகள் ஒரு சீப்பைக் கொண்டு மாறிமாறி நாயின் உரோமத்தை வாருவர். ‘இப்பொழுது நான், பிறகு நீ’ என்னும் முறைமை அங்கே அமைகிறது. நாய் நாவைத் தொங்கவிட்டு இளைத்தால், ‘இதற்கு என்ன வேண்டும்?’ என்று ஆசிரியர் கேட்பார். நீர் வேண்டும் என்று குழந்தை கண்டுகொண்டால், பிறிதோர் உயிரின் தேவையை அறியும் பாடம் நிறைவேறிற்று. இறுதியில், தான் கண்டதை அருகில் உள்ள குழந்தையிடம் சொல்லத் தூண்டுவர். இதுவே யாவற்றினும் முதன்மையானது. நாயைப் பற்றி ஒரு குழந்தை மற்றொரு குழந்தையிடம் பேசும்போதுதான் பாலம் கடக்கப்படுகிறது. அது நிகழாமல் குழந்தையும் நாயும் மட்டும் மூலையில் அமர்ந்திருந்தால் அது நல்ல பொழுதுபோக்கு, கல்வியாகாது.

ஆய்வுகள் கூறுவன

2002இல் அமெரிக்காவில் மார்ட்டின், ஃபார்னம் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வில் 10 குழந்தைகள் இடம்பெற்றனர். பந்து, துணியாலான நாய்ப்பொம்மை, உயிருள்ள நாய் ஆகிய மூன்றும் தனித்தனியே அவர்கள்முன் வைக்கப்பட்டன. உயிருள்ள நாய் இருந்தபொழுது குழந்தைகள் மிகுந்த விளையாட்டு மனநிலையுடனும், கவனத்துடனும், சுற்றுப்புற உணர்வுடனும் இருந்தனர். நாயின் உருவம் மட்டும் போதாது, உயிர் வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.

எனினும் நடுநிலை தவறலாகாது. இத்துறையில் புகழ்பெற்ற மார்கரீட் ஓஹேர் என்னும் ஆய்வாளர் அதுவரை வெளிவந்த 14 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் மதிப்பிட்டார். பயன் தென்படுகிறது, ஆயினும் ஆய்வுகள் சிறியன, முறைகள் வேறுபட்டன, முடிந்த முடிபாகக் கொள்ளுதற்கில்லை என்பது அவர் கண்ட முடிவின் சாரம். நாயைத் தொட்டால் ஆட்டிசம் நீங்கும் என்று எவரேனும் கூறிப் பணம் கேட்பாராயின், அவரை விட்டு விலகுக. நீக்குவதற்கு அது பிணியன்று. நீக்குவதற்கு நாய் மருந்துமன்று.

அதே ஆண்டில் ஓஹேர் குழுவினர் ஆஸ்திரேலியப் பள்ளிகளில் செய்த மற்றோர் ஆய்வு என் கருத்துக்கு அரண் செய்கிறது. அதில் 99 குழந்தைகள் இடம்பெற்றனர். மூவர் மூவராக 33 குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் ஆட்டிசம் உடைய குழந்தை ஒன்று. மற்ற இருவரும் உடன்பயில்வோர். பயன்படுத்திய விலங்கு நாயன்று, கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி உண்டே தவிர, அது சிறு கொறிவிலங்கே என்பதை நம்மவர் அறிக! பொம்மைகள் இருந்தபொழுதைவிட இவ்விலங்கு இருந்தபொழுது ஆட்டிசம் உடைய குழந்தைகள் மிகுதியாகப் பேசினர், பிறர் முகத்தை நோக்கினர், புன்னகைத்தனர், அழுகையும் சிணுங்கலும் குறைந்தன.

இவ்வாய்வில் பலர் விலங்கை மட்டுமே காண்பர். நான் அந்த இருவரைக் காண்கிறேன். பேசுதற்கும் நோக்குதற்கும் புன்னகைத்தற்கும் பக்கத்தில் இரு தோழர்கள் இருந்தனர். விலங்கு பேச்சைத் தூண்டியது. அப்பேச்சைப் பெற்றுக்கொள்ள மனிதர் இருந்தனர். தோழர் இல்லாத குழந்தைக்கு எத்துணை நாய்கள் இருந்தென்ன?

தமிழர் வாழ்வில் நாய்

நம் மொழியில் ‘நாய்’ என்பது வசைச்சொல்லாகவே பெரிதும் வழங்குகிறது. ஆயினும் நம் முன்னோர் அதன் அருமையை அறியாதவரல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. போரில் வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயின் உருவும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாயின் பெயரை நாம் அறிகிறோம்! நாலடியார் நட்பாராய்தல் அதிகாரத்தில் யானையின் நட்பினும் நாயின் நட்பே கொள்ளத்தக்கது என்னும் கருத்து அமைந்துள்ளது. பாகனையே கொல்லும் யானையைவிட, துன்புறுத்தியவனிடத்தும் அன்பு மாறாத நாய் மேலானது என்பது அதன் விளக்கம். அன்பு மாறாத அப்பண்பே இன்று வகுப்பறையில் ஆசானாக அமர்ந்திருக்கிறது.

மார்க்கம் தடையா?

நான் வாழும் குருசுக்குப்பத்தில், ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற ஒரு முஸ்லிம் தாய் என்னிடம் கேட்டார்: “நாய் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாகப் பழகுகிறார்களாமே, சார்! எங்கள் மாமா ஐவேளைத் தொழுகையாளி. நாயைத் தொட்டுவிட்டு வந்த பிள்ளையை வீட்டுக்குள் எப்படி விடுவேன்? விடாமல் இருந்தால் என் பிள்ளைக்கு வரவேண்டிய நன்மையை நானே தடுத்ததாகிவிடாதா?” இவ்வினாவில் ஒரு தாயின் உள்ளம் இரு பக்கமும் இழுபடுகிறது. இதனைக் கேலி செய்வதும் தவறு, தட்டிக்கழிப்பதும் தவறு.

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம் பெருமக்களின் பணி. நூல்களில் உள்ள செய்திகளை நினைவூட்டுவது மட்டுமே என் எல்லை. ஷாஃபி மத்ஹபின்படி நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். உலர்ந்த கை உலர்ந்த உரோமத்தில் பட்டால் நஜீஸ் ஒட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபின் பெருவழக்கான கருத்துப்படி உமிழ்நீரே நஜீஸ். உலர்ந்த உரோமம் அன்று. மாலிக்கி மத்ஹபில் உயிருள்ள நாய் தூய்மையானதே. நாயைத் தொட்டதால் உளூ முறிவதில்லை; நஜீஸ் பட்ட இடத்தைத் தூய்மை செய்வதே கடமை. வீட்டில் வெறும் விருப்பத்திற்காக நாய் வளர்த்தலை ஹதீஸ்கள் தடுக்கின்றன. வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க்காவல் ஆகிய தேவைகளுக்கு விலக்கும் அளிக்கின்றன.

திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகளை அனுமதிக்கிறது. அல்கஹ்ஃபு அத்தியாயத்தில் குகைவாசிகளின் வாயிலில் முன்கால்களை நீட்டிக் கிடந்த நாய் இடம்பெறுகிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் முகந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி புகாரீ தொகுப்பில் உள்ளது. 2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற முஸ்லிம் இளைஞர் ஒருவர் தம் வழிகாட்டி நாயோடு பள்ளிவாசலுக்கு வர அந்நாட்டு ஷரீஅத் மன்றம் வழிவகுத்தது. நாய் தொழுகைக்கூடத்திற்குள் நுழையாது. வாயிலருகே அதற்கென ஒதுக்கிய இடத்தில் காத்திருக்கும். தூய்மையும் காக்கப்பட்டது, தேவையும் நிறைவேறியது. இதுவே நமக்கு முன்மாதிரி.

ஆகவே அத்தாய்க்கு நான் கூறியவை இவை. நாய் வீட்டுக்கு வரவேண்டியதில்லை. பயிற்சிக்கென ஓர் ஆடையை ஒதுக்கலாம். திரும்பியதும் மாற்றிக் கழுவலாம். உலர்ந்த கையால் வாரிவிடுவதோடு நிறுத்தி, நக்கவிடாது பார்த்துக்கொள்ளுமாறு பயிற்சியாளரிடம் முன்னரே சொல்லலாம். மனம் ஒப்பவில்லையெனில் நாயை விட்டுவிடலாம்; குற்றமில்லை. முயலும் பூனையும் ஆடும் உள. குதிரையும் உண்டு. அமெரிக்காவில் 127 குழந்தைகளைக் கொண்டு 2015இல் வெளிவந்த குதிரையேற்ற ஆய்வில் எரிச்சல் குறைந்து, பழகும் திறனும் பேச்சும் மேம்பட்டமை காணப்பட்டது. நாய் ஒரு வழி, ஒரே வழியன்று. இவ்வழியைத் தேர்ந்த பெற்றோரை இழித்துப் பேசும் உரிமை மட்டும் நமக்கு இல்லை.

தெருநாய் வேறு, பயிற்சி நாய் வேறு

குருசுக்குப்பம் கடலோரப் பகுதி. படகின் நிழலில் நாய்கள் உறங்கும் காட்சி எங்களுக்குப் பழகியது. ‘நம் தெருவிலேயே நாய்கள் இருக்க, சென்னைக்குப் போவானேன்?’ என்று கேட்போர் உண்டு. இவ்வெண்ணம் ஆபத்தானது. தெரபி நாயின் தகுதி இனத்தால் வருவதன்று. இயல்பாலும் பயிற்சியாலும் வருவது. திடீர்க் கூச்சலுக்கும், காதைப் பிடித்து இழுக்கும் கைக்கும், தூக்கி எறியப்படும் பொருளுக்கும் அது சினவாது இருக்க வேண்டும். தடுப்பூசியும் கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும். அதனை அறிந்தவர் எப்பொழுதும் அருகில் இருக்க வேண்டும். நாய் களைத்தால் பாடத்தை நிறுத்த வேண்டும். அதுவும் ஓர் உயிரே. நாய்க்கு அஞ்சும் குழந்தையையும், குரைப்பொலி கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையையும், ஒவ்வாமை உடைய குழந்தையையும் வற்புறுத்தலாகாது.

இன்னுமொன்று. பேச்சு வாராத குழந்தையைத் தெருநாய் கடித்தாலோ பிறாண்டினாலோ அது வீட்டில் வந்து சொல்லாது. வெளியே சென்று வந்த குழந்தையின் கை கால்களைப் பெற்றோர் நாள்தோறும் பார்த்தல் வேண்டும். காயம் இருப்பின் சோப்பிட்டு ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றுதல் அரிது.

நாம் செய்ய வேண்டுவன

பழகத் தெரியாதவர் ஆட்டிசம் உடையவர் மட்டுமே என்று இதுகாறும் எண்ணி வந்தோம். தாமும் ஆட்டிசம் உடையவராகிய டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயச் சமூகவியலாளர் 2012இல் இதனை மறுத்தார். அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளாமை ஒரு பாதி. நாம் அவர்களைப் புரிந்துகொள்ளாமை மறுபாதி என்பது அவர் கருத்து. நியாயமான கருத்து. அக்குழந்தை நம் மொழியைக் கற்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறது. நாம் அதன் மொழியைக் கற்க ஒரு நாழிகையேனும் செலவிட்டோமா?

முதற்பணி அறிதல். தன் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாத, விரல் சுட்டாத, பேச்சுத் தாமதிக்கும் குழந்தையைக் கண்டால் ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லத் தூண்டுக. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை உண்டு. சிறப்புக் குழந்தைகளுக்காக 2003 முதல் சத்யா சிறப்புப் பள்ளி இயங்கி வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் அமைக்கப்பெற்றது. பேச்சுப் பயிற்சியும் தொழிற்பயிற்சியும் சிறப்புக் கல்வியுமே அடித்தளம். நாய் அவற்றுக்குத் துணை, மாற்றன்று.

இரண்டாவது பணி ஜமாஅத்தாருடையது. பள்ளிவாசலில் ஓடும் சிறுவனைக் கண்டு, “யார் வீட்டுப் பிள்ளை இது?” என்று உரத்த குரல் எழுகிறது. மறுவாரம் முதல் அத்தந்தை மகனை அழைத்து வருவதில்லை. சில வாரங்களில் தாமும் வருவதில்லை. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுகை நடத்தினார்கள் என்பதைக் குத்பாப் பேருரைகளில் கேட்டிருக்கிறோம். கேட்டது செயலில் வரவேண்டாமா? ஒலிபெருக்கியினின்று தொலைவாக, வாயிலுக்கு அருகாக, ஒரு தந்தையும் மகனும் அமர ஓரிடம் ஒதுக்க முடியாதா? நிக்காஹ் மண்டபங்களில் அமைதியான ஓர் அறையை அக்குடும்பத்திற்குத் திறந்துவைக்க முடியாதா? இவற்றுக்குப் பணம் வேண்டா, மனம் வேண்டும்.

மூன்றாவது பணி மாணவச் செல்வங்களுடையது. அந்த ஆய்வில் கண்ட இரு தோழர்களை மறவாதீர். உங்கள் தெருவில் அத்தகைய குழந்தை இருப்பின், வாரம் ஒரு மாலை இருவராகச் செல்லுங்கள். அதே நாள், அதே நேரம், அதே விளையாட்டு. சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசுங்கள். விடைக்காகப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். தொடுமுன் கேளுங்கள். கண்ணைப் பார்க்க வற்புறுத்தாதீர்கள். கேலி வேண்டா. ஒருமுறை தவறினால் மறுமுறையும் புதிதாகவே தொடங்குங்கள். நாய் செய்வது இவ்வளவுதான். நாயால் இயல்வது மனிதரால் இயலாதா?

முடிவாக, தெரபி நாய் நகைப்புக்குரியதன்று, வெறுப்புக்குரியதன்று, வழிபாட்டுக்குரியதுமன்று. தக்கவர் கையில் அது நல்ல கருவி. அரை மணி நேரம் பாடம் நடத்திவிட்டு நாய் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும். எஞ்சிய இருபத்து மூன்றரை மணி நேரமும் அக்குழந்தை நம்மிடையேதான் வாழ்கிறது. வாயில்லா ஆசான் கற்பித்த முதல் வணக்கத்தை அது நம்மை நோக்கிச் சொல்லும் நாளில், பதில் வணக்கம் சொல்ல நாம் அங்கே இருத்தல் வேண்டும்.